சரோஜாவுக்குக் கட்டிய காப்பு

தம்பி,

வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எதுவும் எழுத வராது. பள்ளிக்கூடத்தில் பழகியது, ரப்பர் கடையில் கிராணியாகக் கணக்கெழுதியதில் இறுகிப்போனது. பாசாருக்குப் போவதற்குக்கூட நான் எண் போட்டு எழுதிக்கொள்வதைப் பார்த்து நீயும் உன் அம்மாவும் சிரித்திருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வேண்டியவை இவை:

1. போன மாதம் நீ காரில் ஏறும்போது சொன்னதற்கு நான் ஏன் பதில் பேசவில்லை என்பது.
2. அந்த வறட்சியில் நம் வீட்டில் யார் என்ன சாப்பிட்டோம் என்பது.
3. மழை வேண்டிக் காப்பு கட்டிக்கொண்டது ஏன், குழந்தைக்கும் கட்டச் சொன்னது யார் என்பது.
4. நீ பின்சந்து மாக் வீட்டில் மீன் கஞ்சி குடித்தது உன் அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது என்பது.
5. என் பேத்திக்கு என்ன ஊட்ட வேண்டும் என்பது.

நேரில் வாய் திறக்காத மனிதன் ஊர் படிக்கப் பத்திரிகைக்கு எழுதுகிறானே என்று உனக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்த வருடம் காஜா பெராங்கில் நம் சந்தில் காப்பு கட்டிய வீடு நம்முடையது மட்டுமில்லை. என் வயதுக்காரர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உன்னைப் போலப் பிள்ளைகள் இருக்கிறார்கள். யாருக்காவது பயன்படும் என்று நினைக்கிறேன். பயன்படாது என்றும் நினைக்கிறேன். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

முதலாவது. அன்று காலையிலேயே பாசாருக்குப் போய் நல்ல கெம்போங் மீனாகப் பார்த்து வாங்கி வந்திருந்தேன். உன் அம்மா இருந்தவரை நம் வீட்டு அடுப்பில் மீன் ஏறியதில்லை; உன் தங்கை சரோஜா போனதிலிருந்து அவள் அதைத் தொடவில்லை, நானும் கேட்கவில்லை. உன் அம்மாவும் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆன பிறகு, பாப்பா வருகிறது என்றதும், நானாகத்தான் வாங்கினேன். மிளகாய் போடாமல் மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு வேகவைத்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து வைத்தேன். மருமகள் கிண்ணத்தை எடுத்தாள். பாப்பா வாயைத் திறந்துகொண்டு வந்துவிட்டது. நீ குறுக்கே கையை நீட்டினாய்.

“வேணாம்பா. அவளுக்கு மீன் கொடுக்கிறதில்ல.”

“ஏன், ஒத்துக்கலையா?”

“ஒத்துக்காம இல்ல. கொடுக்கிறதில்ல.”

மருமகள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “உங்க மகன் இருக்கிற வீட்டுல மீன் வந்தா அவரு வெளிய போயிடுவாரு மாமா. கல்யாணம் ஆன புதுசுல தெரியாம நெத்திலி சம்பல் வச்சிட்டேன். என்னமோ நான் பாம்பப் புடிச்சிச் சமைச்ச மாதிரி பாத்தாரு.”

வீட்டில் சமைக்காததால் உனக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அதனால் நானும் சிரித்தேன். “சாமியாரா போகப் போறியா?” என்றுகூடக் கேட்டேன். நீ சிரிக்கவில்லை. சாயங்காலம் மருமகளும் பாப்பாவும் காருக்குள் உட்கார்ந்த பிறகு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

“அப்பா, காப்பு கட்டியிருந்தப்ப நான் மாக் வீட்டுல மீன் கஞ்சி குடிச்சேன். ஒரு நாள் இல்ல, தெனமும். அம்மா தண்ணி எடுக்க அனுப்புவாங்கல்ல, அப்ப. மாக் கூப்பிட்டு அடுப்படியில உக்கார வச்சுக் கொடுப்பாங்க, வீட்டுல சொல்லாதன்னாங்க. சரோ போனது அதனாலதான்னு பெரியப்பா சொன்னாரு. இப்ப யோசிச்சா முட்டாள்தனமாத்தான் இருக்கு. ஆனா பாப்பாவுக்கு யாராச்சும் மீன் ஊட்டுறதப் பாத்தா கை தானா குறுக்க போயிடுது.”

உங்களிடம் கொடுத்துவிட எடுத்து வந்த முறுக்குப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “ரோட்டுல பாத்துப் போ” என்றேன். அவ்வளவுதான் வந்தது. உன்மேல் கோபமில்லை, தம்பி. உனக்கு அப்போது ஏழு வயது. ஏழு வயதிலிருந்து இதைச் சுமந்துகொண்டு இந்த வீட்டில் சாப்பிட்டு, படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்திருக்கிறாய். எதிரே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை. அதற்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது. மெர்டேக்கா என்று சுதந்திரம் கொண்டாடிய ஆரவாரம் அடங்கிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பொங்கலுக்குப் பிறகு மழை நின்றது. வழக்கமாக நிற்கும்தானே என்று இருந்தோம். பிறகு வர வேண்டிய மாதத்திலும் வரவில்லை. நம் கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. தெருக்குழாயில் தண்ணீர் விடும் நேரம் குறைந்துகொண்டே போனது. ரப்பர் மரங்களில் பால் சுருங்கியதால் நான் வேலை பார்த்த கடையைப் பாதி நாள் பூட்டிவைத்தார்கள். பாதி நாளைக்குத்தான் சம்பளம். புக்கிட் ரம்பாயிலிருந்து சைக்கிளில் கீரை கொண்டுவரும் சீனக் கிழவர் ஒரு நாள் வெறுங்கூடையோடு வந்து நின்று, கூடையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு வரவில்லை. பத்து பெரெண்டாமில் மாடு வைத்திருந்த பால்காரரும் மேய்ச்சல் இல்லாமல் மாடுகளை விற்றுவிட்டார். அரிசி விலை ஏறியது, பருப்பு விலை அதைவிட ஏறியது.

நான் ஒரு திட்டம் போட்டேன். காலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, கொஞ்சம் தேங்காய்ப்பூ. மத்தியானம் ஒரு வேளை மட்டும் சோறும் பருப்பும். ராத்திரி மறுபடியும் கிழங்கு. இதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எதைச் செய்தாலும் சந்தேகப்படும் நான் இதில் மட்டும் உறுதியாக இருந்தேன் என்பதுதான் எனக்கு இன்றும் விளங்காதது. காரணம் ஜப்பான் காலம். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, இளவயது. மூன்று வேளையும் கிழங்கு தின்றே பிழைத்தவன் நான். என்னைவிட வேறு என்ன சாட்சி வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

உன் அம்மா ஒரு தடவை கேட்டாள். “புள்ளைக்கு இது போதுமாங்க?”

“ஜப்பான் காலத்துல நாங்க எதத் தின்னு இருந்தோம்?”

“நீங்க அப்ப ஆம்பள. இது பல்லு முழுசா மொளைக்காத புள்ள.”

“எல்லாத்தையும் யோசிச்சுத்தான் சொல்றேன்.”

அவள் கிழங்கை எடுத்து உரிக்க உட்கார்ந்தாள். நான் படித்தவன் என்பதில் அவளுக்கு இருந்த மரியாதை எனக்கே இருந்ததில்லை.

பருப்பைப் பற்றியும் எழுதிவிட வேண்டும். சின்னக் குழந்தைக்குப் பருப்பு செரிக்காது, பருப்பு வெந்த தண்ணீரில்தான் சத்து இறங்கியிருக்கும் என்று நாம் எல்லோரும் நம்பினோம். அதனால் மேலே நின்ற தெளிந்த தண்ணீரை மொண்டு சரோஜாவின் சோற்றில் ஊற்றுவாள் உன் அம்மா. அடியில் கிடந்த பருப்பு என் தட்டுக்கு வரும். வேலைக்குப் போகிறவன் என்பதால் எனக்கு. உனக்குக் கொஞ்சம். தனக்கு அவள் என்ன போட்டுக்கொண்டாள் என்று நான் பார்க்கவில்லை. நான் எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். பின்பக்கம் முருங்கை மரம் ஒன்று அந்த வெயிலிலும் தழைத்துக்கொண்டு நின்றது. குழந்தைக்கு அந்தக் கீரை கொடுத்தால் வயிறு கெடும் என்று விட்டுவிட்டோம். பால் டின் ஒன்று வாங்கினால் அதை எத்தனை நாள் இழுக்கலாமோ அத்தனை நாள் தண்ணீர் ஊற்றி இழுத்தோம். வெள்ளையாக இருந்தது, இனிப்பாக இருந்தது, குடித்தாள்.

ஒன்று மட்டும் அந்த வருடம் ஊரில் குறையவில்லை. கடலுக்கு வறட்சி தெரியாது. மலாய்க்காரர் ஒருவர் தினமும் வண்டி தள்ளிக்கொண்டு நம் சந்துக்குள் வருவார். “இக்கான், இக்கான்” என்று அவர் மீன் கூவும் குரல் கேட்கும். நெத்திலி கிழங்கைவிடச் சல்லிசாகக் கிடைத்தது. அந்தக் குரல் கேட்டதும் உன் அம்மா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்துவாள். அதுதான் மூன்றாவது.

மூன்றாவது. மழை வேண்டி மாரியம்மன் கோயிலில் கூடினோம். மழை பெய்யும்வரை வீட்டில் கவிச்சி சேர்ப்பதில்லை என்று வேண்டிக்கொண்டு, விருப்பப்பட்ட குடும்பங்கள் கையில் மஞ்சள் கயிறு காப்பு கட்டிக்கொள்வதென்று முடிவாயிற்று. நான் பெரிய பக்திமான் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் சந்தில் எல்லோரும் முன்னால் போகும்போது பின்னால் நிற்க எனக்குத் தைரியம் போதாது. உங்கள் மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். பண்டாரம் எனக்குக் கட்டினார், உன் அம்மாவுக்குக் கட்டினார். உன் கையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கட்டினார். சரோஜா என் இடுப்பில் இருந்தாள், இரண்டு வயது ஆகியிருக்கவில்லை. அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டார்.

“கைக்கொழந்தைக்கு எதுக்குங்க கிராணி? பெரியவங்க கட்டுனாப் போதும்.”

“வீட்டுக்குன்னு வேண்டிக்கிட்டா எல்லாருக்கும்தானே? ஒருத்தர விட்டுட்டா அது முழுசாகுமா?”

“மாரியம்மா கேக்க மாட்டா அதெல்லாம்.”

“கட்டிடுங்க.”

பின்னால் நின்றவர் சிரித்தார். “கிராணி ரூல் போட்டுட்டாரு, பண்டாரம். அம்மாளே வந்து சொன்னாலும் மாத்த மாட்டாரு.”

எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பண்டாரம் அந்தச் சின்னக் கையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடி போட்டார். இதை நான் யார்மேலும் போட முடியாது. கோயில் சொல்லவில்லை, சாமி சொல்லவில்லை, உன் அம்மா சொல்லவில்லை. விதிவிலக்கு வைத்தால் விதி கெட்டுப்போகும் என்று நினைக்கும் என் புத்திதான் சொன்னது.

சில வாரங்கள் போயின. நீ இளைத்தாய், முழங்கை எலும்பு தெரிந்தது. உன் அம்மா இளைத்தாள். சரோஜா மட்டும் பூரித்துக்கொண்டு வந்தாள். கன்னம் உப்பியது, கை கால் உருண்டது. எதிர்வீட்டு அக்கா அவளைத் தூக்கிவைத்துக்கொண்டு, “கொழுக்மொழுக்குனு இருக்கா. உங்க வீட்டுக்கு மட்டும் எந்தக் கடையில அரிசி கெடைக்குது, எங்களுக்கும் சொல்றது” என்று கேட்டார். காப்புக் கயிறு சின்னக் கையில் இறுக்கிப் பிடித்தது. பிள்ளை வளர்கிறாள் என்று சொல்லிக்கொண்டே நானே அதை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினேன், தம்பி. சந்தோஷமாகக் கட்டினேன். “பாத்தியா, நான் சொல்லல?” என்று உன் அம்மாவிடம் காட்டினேன். வேண்டுதல் பலிக்கிறது என்றும் நினைத்தேன், என் கிழங்குத் திட்டம் சரி என்றும் நினைத்தேன்.

சரோஜா சிரிக்காமல் இருந்ததையும், தரையில் விட்டால் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்ததையும், முடி செம்பட்டையாகி உதிர்ந்ததையும் வெயில் சூடு என்று எடுத்துக்கொண்டோம். ஒரு நாள் மத்தியானம் உன் அம்மா அவளுக்குக் கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தவள், என்னைக் கூப்பிட்டாள். குழந்தையின் பாதத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள்.

“பாருங்க. குழி அப்படியே நிக்குது.”

நானும் அழுத்திப் பார்த்தேன். ரொட்டி மாவில் அழுத்தியதுபோல் என் விரல் பதிந்து நின்றது. சரோஜா அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் குழந்தை என்ன சாப்பிடுகிறது என்று கேட்டார். நான் நல்ல ஆங்கிலத்தில் காலை, மத்தியானம், ராத்திரி என்று வரிசையாகச் சொன்னேன். அவர் கேட்டு எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற, மருந்து கட்டும் டிரெஸ்ஸர் நம் ஆள். “கடலுக்குப் பக்கத்துல குடியிருக்கீங்க. ஒரு நெத்திலி கெடைக்கலையாங்க?” என்றார். “காப்பு கட்டியிருக்கோம்” என்றேன். “பெரியவங்க கட்டிக்கிறது சரி…” என்று ஆரம்பித்தவர், குழந்தையின் கையில் கயிற்றைப் பார்த்துவிட்டு, முடிக்காமல் கத்திரிக்கோலை எடுத்தார். வீங்கிய கையில் கயிறு மறுபடியும் புதைந்திருந்தது. வெட்டிய பிறகும் அந்த வளையம் கையில் அப்படியே இருந்தது.

கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. நல்ல பால் கொடுத்துப் பார்த்தார்கள், தங்கவில்லை. வீக்கம் வடிந்தது. வடிந்த பிறகுதான் எங்கள் மகள் எவ்வளவு சிறியவள் என்று தெரிந்தது. உள்ளே அவ்வளவுதான் இருந்திருக்கிறாள், இத்தனை வாரமும். ஒரு விடியற்காலை உன் அம்மா மடியில் போய்விட்டாள். மழை பிறகு வந்தது. வந்த அன்று சந்தில் எல்லோரும் வாசலில் நின்று நனைந்தார்கள். நம் வீட்டிலிருந்து யாரும் வெளியே போகவில்லை.

நான்காவது. காரியத்துக்கு வந்த உன் பெரியப்பா, என் அண்ணன், கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது சொன்னார்: “காப்பு கட்டுன வீட்டுல எவனோ கவிச்சி தின்னிருக்கான். இல்லேன்னா மாரியம்மா புள்ளைய இப்படி வாங்கிக்க மாட்டா.” அவருக்கு ஒன்றும் தெரியாது. சும்மா சொன்னார். துக்க வீட்டில் ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லி வைக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு, அவர் அப்படிப்பட்டவர். நீ தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தாய். நான் அண்ணனை மறுத்துப் பேசியவன் இல்லை, அன்றும் பேசவில்லை. “குழந்தைக்குச் சாப்பாடு போதாமல் போய்விட்டது, வேறொன்றுமில்லை” என்று ஒரு வாக்கியம் நான் சொல்லியிருந்தால், அது உன் காதிலும் விழுந்திருக்கும். டாக்டர் பிறகு என்னிடம் அதைத்தான் சொல்லியிருந்தார். நாலு பேருக்கு முன்னால் சொல்ல எனக்கு நா எழவில்லை. இப்போது சொல்கிறேன், முப்பது வருடம் கழித்து. நீ குடித்த கஞ்சியால் உன் தங்கை சாகவில்லை. அவளுக்கு அந்தக் கஞ்சி கிடைக்காததால் செத்தாள்.

மாக் என்று நாம் கூப்பிடும் மீனாச்சி அம்மாவைப் பற்றி மருமகளுக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன். பின்சந்தைத் தாண்டினால் கம்போங் செட்டி என்ற குடியிருப்பு. அங்கே கிணற்றோடு கூடிய பழைய வீடு அவருடையது. செட்டிமார்கள் நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள், பேசுவது மலாய். அவர்கள் வீட்டில் அந்த வருடம் காப்பு கட்டவில்லை. நம் கிணறு வற்றியதும் உன் அம்மா உன்னை மத்தியானத்தில் வாளி கொடுத்து அங்கே அனுப்புவாள். அவர் உன்னைக் கூப்பிட்டு அடுப்படியில் உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றியிருக்கிறார், வீட்டில் சொல்லாதே என்றும் சொல்லியிருக்கிறார். இரக்கப்பட்டுச் செய்தார். அந்த வருடத்தில் நீ படுக்கையில் விழாமல் தப்பியதற்கு அதுதான் காரணம் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

உன் மனதில் இருக்கும் இன்னொன்றும் எனக்குத் தெரியும், நீ சொல்லாவிட்டாலும். அம்மாவை ஏமாற்றினேன் என்பது. அவள் பட்டினி கிடந்து காத்த வேண்டுதலை அவள் பின்னால் போய்க் கெடுத்தேன் என்பது. அதற்கு நான் சொல்லக்கூடிய ஆறுதல் ஒன்றுதான். அவளுக்குத் தெரியாது. நம் வீட்டில் உண்மையான பக்தி அவளுக்குத்தான் இருந்தது. தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்க மாட்டாள், கடைசி நாட்களிலாவது சொல்லியிருப்பாள். உன்மேல் ஒரு குறையும் இல்லாமல்தான் போனாள். இதை உறுதியாக எழுதுகிறேன்.

ஐந்தாவது. பாப்பாவுக்கு மீன் கொடு. உனக்கு முடியாவிட்டால் நீ வெளியே போய் நில், மருமகள் ஊட்டட்டும். பருப்பைத் தண்ணீராக ஊற்றாதே, மசித்துக் கொடு. முட்டை கொடு. கீரையும் கொடு, வயிறு கெடாது. வீட்டில் பற்றாக்குறை வந்தால், உங்கள் இருவர் வேலையையும் நம்பி இருக்கும் காலத்தில் அது வராது என்று சொல்ல நான் யார், குறைப்பதைப் பெரியவர்கள் தட்டிலிருந்து ஆரம்பி. குழந்தை குண்டாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதே. ஓடுகிறதா, சிரிக்கிறதா என்று பார். வேண்டுதல் வைத்தால் உன் பங்கை மட்டும் வை. இதற்கு மேல் புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை.

இத்தோடு முடித்து, கடிதத்தை மடித்தும் வைத்துவிட்டேன். பிறகு மனம் கேட்கவில்லை. நான்காவதில் ‘உறுதியாக’ என்று எழுதியிருந்தேனே, கிழங்கு விஷயத்திலும் அப்படித்தானே இருந்தேன் என்று தோன்றியது. விசாரிக்காமல் அனுப்பக் கூடாது என்று நேற்று காலை மாக் வீட்டுக்குப் போனேன். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, காது நன்றாகக் கேட்கிறது. கோப்பியில் ரொட்டியை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேசியதெல்லாம் மலாயில்தான், நான் தமிழில் எழுதுகிறேன்.

“யாரு, கெராணியா? செருப்புச் சத்தமே அப்படித்தான், வரலாமா வேணாமான்னு வரும்.”

உட்கார்ந்தேன். நீ சொன்னதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஆமாம், கொடுத்தேன், என்றார். “அவன் அம்மாவுக்கு இது தெரியாதுதானே, மாக்?” என்று கேட்டேன்.

அவர் முதலில் சிரித்தார். “உன் பெண்டாட்டிக்குத் தெரியாம உன் வீட்டுல ஒரு எறும்பு நடந்திருக்குமா? தியா யாங் சூரோ, கெராணி. அவதான் செய்யச் சொன்னா.”

எனக்குக் கேட்டது சரிதானா என்று மறுபடியும் கேட்டேன். அவர் ரொட்டியைக் கீழே வைத்தார்.

“ஒரு நாள் பின்வாசல் வழியா வந்தா. பையன் இளைச்சுக்கிட்டே போறான், எனக்குப் பயமா இருக்கு மாக்ன்னா. தண்ணிக்குன்னு அனுப்புறேன், நீங்களாக் கூப்பிட்டுக் கொடுக்கிற மாதிரி கொடுங்க, என்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவன்கிட்டயே சொல்லி வைங்கன்னா. அப்பத்தான் அவன் வாயத் தொறக்க மாட்டானாம். முந்தானையில ஒரு பிடி அரிசி முடிஞ்சு கொண்டாந்தா. தெனமும் கொண்டாந்தா. என் பங்கு சோத்துக்கு வச்ச அரிசி மாக், அவருக்குத் தெரியாதுன்னா. மீன் மட்டும்தான் என்னுது.”

“சரோஜாவ ஏன் அனுப்பல?” என்றேன். கேட்டிருக்க வேண்டாம் என்று கேட்டவுடனே தெரிந்தது.

“நானும் கேட்டேன். சின்னவளையும் கொண்டா, ஒரு வாய் குழைச்சுக் கொடுத்தா ஆச்சுன்னேன். அவ சொன்னா, ‘அவ நல்லாத்தான் இருக்கா மாக், பூரிச்சுப் போயிருக்கா, அவரே தளத்திக் கயிறு கட்டுனாரு. அவ காப்பாவது நெலைக்கட்டும், மழை வரட்டும். இவன்தான் எலும்பா இருக்கான்’னு.” ரொட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, “சின்னவ போனதுக்கப்புறம் இங்க வந்து உக்காந்து அழுதா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டா. நீ தாங்க மாட்டியாம்” என்றார்.

நான் எழுந்து வீட்டுக்கு வந்தேன். கடிதத்தைப் பிரித்து நான்காவதை அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். முடியவில்லை. எழுதியது எழுதியபடி மேலே இருக்கட்டும். நான்காவது தவறு, தம்பி. உன் அம்மாவுக்குத் தெரியும். உன் காப்பை மீறியது அவள், உனக்குத் தெரியாமல். நீ குடித்த கஞ்சி அவள் சாப்பிடாத அரிசியில் வெந்தது.

அப்பா